போகாத ஊர்

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் இரவு இரண்டரை.
மீன் ஆலையின் விளக்குகள் விழித்திருக்கின்றன,
அவற்றோடு நானும்.

ஃபாரோத் தீவுகளில் மிகச் சிறிய இணைய நிறுவனம் எங்களுடையது.
ஆறு பேர், ஒரு காபி இயந்திரம்,
சுவரோரம் முனகும் பெட்டிகள்.
யாரோ ஒரு பெயரைக் கேட்பார்கள்,
பெட்டி அதற்குரிய எண்ணைச் சொல்லும்.
எண் தெரிந்தால் கதவு திறக்கும்:
வானிலைக்கு, வங்கிக்கு, கால்பந்து முடிவுக்கு,
விவாகரத்து விண்ணப்பத்துக்கு.
கண் இமைப்பதற்குள் ஆயிரம் முறை
உண்மை பேசும் பெட்டி.

பட்டியலில் இருக்கும் பெயர்களுக்கு மட்டும்
பொய் சொல்லப் பழக்கியிருக்கிறோம்:
அப்படி ஓர் ஊரே இல்லை.

பட்டியல் தினமும் நீள்கிறது.
தபால்துறையின் பெயரில் ஓர் எழுத்தைப் பிடுங்கிவிட்டு
அங்கே பூஜ்யத்தை உட்காரவைத்தவை,
வங்கியின் நீலத்தை அப்படியே பூசிக்கொண்டவை,
நேற்றுப் பிறந்து நாளை மறுநாள் சாகப்போகிறவை.
பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.
விழாத குழிக்காக
யார் நன்றி சொல்வார்கள்?

தவறும் நடக்கும்.
குனோயிலிருந்து மார்ஜுன் ஒருநாள் நேரே வந்தாள்.
அவளுடைய நூல்கடைப் பக்கம் மூன்று நாளாக இருட்டு.
அதே சர்வரில் எவனோ திருடன் வாடகைக்கு இருந்திருக்கிறான்,
நாங்கள் கட்டடத்துக்கே பூட்டுப் போட்டுவிட்டோம்.
சாம்பல் நிற நூல்பந்து ஒன்றை மேசையில் வைத்துக் கேட்டாள்:
"இது கடிக்குமா?"
ரன்வா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.
பந்து இன்னும் திரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இன்று மூன்று மணி பதினான்கு நிமிடம்.
பதிவேட்டில் ஒரே வீட்டிலிருந்து தட்டல்.
அடைத்த கதவு. மறுபடி தட்டல்.
பதினொன்று வரை எண்ணினேன்.
எந்த வீடு என்று பார்க்க எனக்கு இரண்டு சொடுக்குகள் போதும்.
பார்க்கக் கூடாது என்பது விதி.
ஐயாயிரம் பேர் உள்ள ஊரில்
அந்த விதியைத்தான் நான் தலையணைபோல் கட்டிக்கொள்கிறேன்.

எட்டு மணிக்கு ஒரு தொலைபேசி.
பெயர் ஹானுஸ் என்றார்.
"திறந்துவிடுங்கள். என் பணம் உள்ளே இருக்கிறது."

அது முதலீட்டுப் பக்கம்.
எழுபதாயிரம் குரோனா, வெள்ளிக்கிழமை போட்டது.
ஞாயிறு அன்று தொண்ணூறாக ஏறியதைக்
கண்ணால் பார்த்தாராம்.
எங்கள் பட்டியலுக்கு அந்தப் பெயர் வந்தது செவ்வாய் மாலை.

"உங்கள் பாதுகாப்பு கருதி" என்று தொடங்கும் வாசகம்
என் முன்னால் ஒட்டியிருக்கிறது.
வாய் வரவில்லை.
உள்ளே பணம் இல்லை என்றேன்.
அங்கே ஏறியது வெறும் படம் என்றேன்.
வங்கியை இப்போதே கூப்பிடுங்கள், போலீஸிலும் சொல்லுங்கள் என்று
இரண்டு எண்கள் கொடுத்தேன்.
எழுதிக்கொண்டாரா, தெரியவில்லை.

"வேறு வழி இருக்குமே" என்றார்,
பாதி கெஞ்சலாக, பாதி உத்தரவாக.

இருக்கிறது.
அமைப்புப் பக்கத்தில் ஒரு வரியை மாற்றினால்
எங்கள் பெட்டியைக் கேட்காமல்
வேறொரு பெட்டியைக் கேட்கலாம்.
பள்ளிப் பையன் இரண்டு நிமிடத்தில் செய்வான்.
என் பூட்டின் பலம் அவ்வளவுதான்.

"இல்லை" என்றேன்.
இரவெல்லாம் பெட்டி சொன்ன பொய்,
பகலில் என் குரலில்.

அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.
அவர் பக்கம் ஒரு கடற்காகம் கத்தியது.
அதே கத்தல், அரை நொடி முந்தி,
என் ஜன்னலுக்கு வெளியே.

கீழே படகுத்துறைதான்.
எழுந்து நின்றால் தெரியும்.
நூல்பந்தைக் கையில் எடுத்தேன்,
உட்கார்ந்தே இருந்தேன்.